ஊக்கு வைக்கிற ஜாக்கெட்டுக்கு ஏது காஜா?

(மதுரையில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வேலையைத் தள்ளிப்போடாமல் இருப்பது எப்படி என்று பேசுவதற்கு ஒரு தையல்காரனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இது மரியாதையா, கேலியா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு. "நாளைக்கு வாங்க" என்ற இரண்டு சொல்லை வைத்தே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். இந்தக் கூட்டத்திலேயே எனக்குத் துணி கொடுத்தவர்கள் நாலைந்து பேர் தெரிகிறார்கள். அவர்கள் சிரிப்பதும் தெரிகிறது.

நான் தொழில் பழகியது மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில். 1972இல் காஜா பையனாக, அதாவது சட்டைக்குப் பட்டன் ஓட்டை தைக்கிற பையனாகச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் கல்தூண்களில் சிற்பம் நிற்கும், அதன் காலடியில் தையல் மிஷின் ஓடும். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அப்புறம் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் சொந்தக் கடை போட்டேன். பத்தடிக்கு எட்டடி. அதில் பாதியைக் கட்டிங் மேசையே எடுத்துக்கொள்ளும்.

ஒரு தடவை ஒரு பெரியம்மா மகளுடைய முகூர்த்தப் புடவையோடு வந்தார்கள். ஜாக்கெட் துணி புடவையோடு சேர்ந்து வந்தது. அந்த ஒரு துண்டுதான். பார்டர் ஒரு முழத்துக்குள் முடிந்துவிடும். கைக்குப் போட்டால் முதுகுக்குப் பற்றாது, முதுகுக்குப் போட்டால் கைக்கு இல்லை. தப்பாக வெட்டினால் கடையில் போய் இன்னொன்று வாங்கிவர முடியாது. சரி, அடுத்த வியாழக்கிழமை தருகிறேன் என்று வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அந்த வாரம் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். என் வாழ்நாளில் அவ்வளவு வேலை செய்த வாரம் கிடையாது. பள்ளிக்கூடச் சீருடை பதினெட்டு தைத்தேன். தலையணை உறை தைத்தேன். வருஷக்கணக்காகக் கிடந்த பட்டன் டப்பாவைக் கொட்டி, கறுப்பு வேறு, வெள்ளை வேறு என்று பிரித்து அடுக்கினேன். மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கடையைச் சாத்தும்போது உடம்பெல்லாம் வலி. அந்தப் பட்டுத்துணி மட்டும் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது.

வியாழக்கிழமை பெரியம்மா வந்துவிட்டார்கள். வாய் தன்னால் சொன்னது: "காஜாவுக்குப் போயிருக்கும்மா." சட்டைக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். அவர்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்கள். "ஊக்கு வைக்கிற ஜாக்கெட்டுக்கு ஏது தம்பி காஜா?"

பதில் இல்லை. திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "பயமா இருக்கா? பரவாயில்ல, நான் இருக்கேன், நீ வெட்டு." துணியை விரித்து, அளவு ஜாக்கெட்டை மேலே வைத்து, சாக்பீஸால் கோடு போட்டுக் கத்தரியை எடுத்தேன். முதல் வெட்டு விழும்வரைதான் கை நடுங்கியது. மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். இருபத்தைந்து நிமிஷ வேலைக்காகத்தான் ஒரு வாரம் பட்டன் பிரித்திருக்கிறேன்.

தள்ளிப்போடுகிறவனைச் சோம்பேறி என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சோம்பேறியாவது படுத்துத் தூங்கி நிம்மதியாக இருப்பான். நம்முடைய ஊருக்கே தூங்கா நகரம் என்று பெயர். ராத்திரி இரண்டு மணிக்கு டீ கிடைக்கும், பரோட்டா கிடைக்கும், ஆட்கள் நடமாடிக்கொண்டே இருப்பார்கள். இவ்வளவு சுறுசுறுப்பான ஊரில் எத்தனை வேலை கிடப்பில் கிடக்கிறது என்று உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்தாலே தெரியும்.

வள்ளுவர் இந்த இடத்தில் கச்சிதம். "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்" என்கிறார். நெடுநீர் என்றால் காலத்தை நீட்டுவது. மடி என்றால் சோம்பல். இரண்டும் ஒன்றென்றால் நான்கு என்று எண்ணியிருக்க மாட்டார், மூன்று என்றிருப்பார். கலன் என்பதற்குப் பரிமேலழகர் மரக்கலம் என்று பொருள் சொல்கிறார். கெட்டுப்போகிறவன் ஆசைப்பட்டு ஏறுகிற படகு. அந்த ஆசைப்பட்டு என்பதைக் கவனியுங்கள். பட்டன் டப்பாவைக் கொட்டிய அன்றைக்கு எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

என் மகள் கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறாள். இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்பா, இதைத்தான் கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் திமோத்தி பிச்சில் என்று ஒருவர் பல வருஷம் ஆராய்ந்தார்" என்றாள். தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாத கோளாறு அல்ல, மனசைக் கையாளத் தெரியாத கோளாறு என்பது அவர் கட்சி. ஒரு வேலையை நினைத்தால் பயமோ சலிப்போ வருகிறது, அந்த நேரத்துக்கு அதிலிருந்து தப்பிக்க வேறொன்றைத் தொடுகிறோம். 2010இல் அவரும் இன்னும் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்களாம். எனக்கு உடனே அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் இன்னும் நாலு நாள் தள்ளிப்போட்டிருப்பேன்.

இதற்காக எல்லாத் தாமதமும் குற்றம் என்று ஆகாது. காட்டன் லைனிங் துணியை ராத்திரி தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டுத்தான் வெட்ட வேண்டும். அவசரப்பட்டு அப்படியே வைத்துத் தைத்தால், முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி மேல்துணி சுருக்கம் விழும். "தூங்குக தூங்கிச் செயற்பால", தாமதித்துச் செய்ய வேண்டியதைத் தாமதித்தே செய் என்று வள்ளுவரும் அனுமதி கொடுக்கிறார். ஆனால் நனைந்து கிடக்கிற துணிக்கும் பயந்து கிடக்கிற துணிக்கும் வித்தியாசம் தைக்கிறவனுக்குத் தெரியும். வாடிக்கையாளரிடம் மறைக்கலாம், தன்னிடம் மறைக்க முடியாது.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவோம். அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்குப் புதுமண்டபத்தில்தான் குல்லாவும் சல்லடம் என்கிற அரைக்கால் சட்டையும் தைப்போம். எங்கள் மாஸ்டர் வருஷம் முழுக்கச் சொன்ன தேதியில் எதையும் கொடுத்ததில்லை. ஆனால் அந்த உருப்படிகள் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. சித்ரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்கிவிடுவார், காஜாவுக்குப் போயிருக்கிறது என்று அவரிடம் சொல்ல முடியாது. ஆக, தேதி உள்ள வேலை நடந்துவிடுகிறது. பல்லை டாக்டரிடம் காட்டுவது, பத்திரத்தில் பேர் மாற்றுவது, சண்டை போட்ட தம்பியிடம் பேசுவது, இதற்கெல்லாம் பௌர்ணமி கிடையாது. அதுதான் கிடக்கிறது.

பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீனாட்சியம்மன் கோயில் வடக்குக் கோபுரம் ரொம்பக் காலம் மேல்நிலை எழும்பாமல் மொட்டையாகவே நின்றது. 19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் அதைக் கட்டி முடித்தார்கள். முடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஊர் இன்னும் மொட்டைக் கோபுரம் என்றுதான் சொல்கிறது. கோபுரத்துக்கே இந்த நிலை என்றால், இப்போது நான் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தாலும் என்னை யார் நம்புவார்கள்?

கடைசியாக என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிய வித்தை இல்லை. எந்தத் துணியைப் பார்த்தால் கண் வேறு பக்கம் போகிறதோ, அதை ராத்திரி கடை சாத்துமுன் மேசையில் விரித்து, சாக்பீஸ் கோடு போட்டு, மேலே கத்தரியை வைத்துவிட்டுப் போவேன். வெட்ட மாட்டேன். காலையில் வந்தால் கோடு தயாராக இருக்கும். அதை நகர்த்தாமல் வேறு துணியை விரிக்க இடமில்லை, மேசையே அவ்வளவுதான். மடித்து எடுத்து வைப்பதைவிட வெட்டிவிடுவது சுலபம் என்று ஆகிவிடும். பாதி நாள் இது பலித்தது. மீதி நாள் துணியைத் தள்ளிவைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

முன்வரிசையில் இருக்கிற என் வீட்டுக்காரம்மா வாட்சைப் பார்க்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையின் ஜாக்கெட் துணியை ஏழு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கொடுத்தார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஒப்புக்கொண்ட அன்றைக்கு ராத்திரி, வெட்கப்பட்டுக்கொண்டு அதை வெட்டிவிட்டேன். உடம்பு மூட்டியாயிற்று. கையும் ஊக்கும் பாக்கி. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்னேன். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்கிறார்கள்.