30 நொடிக்குள்ள ஒரு முடிவு

நடுவர் அவர்களே, இந்தக் கடக்காத்துலயும் கலையாம உட்கார்ந்திருக்கிற பாம்பன் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மாணவர்களைத் தொழிலுக்குத் தயாராக்குறது வகுப்பறையா, விளையாட்டுத் திடலான்னு தலைப்பு. எதிரணித் தம்பி, "திடல்ல ஓடினவங்களுக்கு வட்டிக் கணக்கு தெரியுமா, ஜி.எஸ்.டி. போடத் தெரியுமா"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. கருவாட்டு வியாபாரத்துல எறங்குனப்ப எனக்கும் அது தெரியாது. கணக்கு எழுதுற ஒரு அண்ணன்கிட்ட ரெண்டு மாசம் உட்கார்ந்து கத்துக்கிட்டேன். அதுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கு தம்பி. ஆனா விடியக்காலம் மீன் ஏலத்துல நிக்கும்போது பக்கத்துல எந்த வாத்தியாரும் வர மாட்டாரு.

கூடையில நெத்திலி. ஏலக்காரர் விலையை ஏத்திக்கிட்டே போறாரு. இது காஞ்சா எடை எவ்வளவு எறங்கும், வானம் எப்படி இருக்கு, எதிர்ல நிக்கிற வியாபாரி இன்னும் எவ்வளவு தூரம் போவாரு... இத்தனையையும் அவரு மூணு தரம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள முடிவு பண்ணணும். நான் பள்ளிக்கூடத்துல கபடி ஆடினவ. "கபடி கபடி"ன்னு பாடிக்கிட்டு எதிரணிப் பக்கம் போய்த் திரும்புற ஒரு பாட்டுக்கு 30 நொடிதான். எதிர்ல 7 பேரு. மூச்சு விடாமப் பாடிக்கிட்டே, கார்னர்ல நிக்கிறவ எந்தக் காலை ஊனியிருக்கா, கூடுதல் புள்ளி தர்ற போனஸ் கோட்டைத் தொடலாமா, நடுக்கோட்டுக்குத் திரும்ப வழி இருக்கான்னு பார்க்கணும். மொத நாள் ஏலத்துல நின்னப்பவே எனக்கு அது பழகின இடமா இருந்துச்சு.

பாயுறது மட்டும் ஆட்டம் இல்லைங்க. கையில நாலு புள்ளி கூட இருந்தா, யாரையும் தொடாம வெறும் பாட்டு பாடிட்டுத் திரும்புறதும் ஆட்டம்தான். ஏலத்துலயும் அப்படித்தான். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கரைக்கு வர்ற கொஞ்ச மீனுக்கு எல்லாரும் முட்டி மோதுவாங்க. அப்ப கையைக் கட்டிக்கிட்டு நிக்க ஒரு தைரியம் வேணும். அதுக்காக எப்பவுமே ஒதுங்கி நின்னாலும் ஆகாது. இப்ப டிவியில காட்டுற லீக் கபடியில, அடுத்தடுத்து ரெண்டு பாட்டு புள்ளி இல்லாமப் போனா, மூணாவது பாட்டுல எடுத்தே ஆகணும், இல்லைன்னா பாடப் போனவங்க அவுட்டு. எப்ப ஒதுங்கணும், எப்ப எறங்கணும்ங்கிற இந்தக் கணக்கு எந்தப் பாடப் புத்தகத்துல இருக்கு?

இப்ப, நான் இந்த மேடைக்கு எதைச் சொல்ல வந்தேனோ அதுக்கு வர்றேன். தோத்துப் போறதைப் பத்தி.

பதினொண்ணாவது படிக்கும்போது அரையிறுதியில ஒரு புள்ளியில தோத்தோம். அழுதுக்கிட்டே ஊர் திரும்பினோம். மறுநாள் காலையில ஆறு மணிக்கு பி.டி. டீச்சர் எங்களைத் திடலுக்கு வரச் சொன்னாங்க. திட்டல, ஆறுதலும் சொல்லல. "கடைசிப் பிடியில யாரு கை மொதல்ல விட்டுச்சு? ஏன் விட்டுச்சு?" இது ரெண்டுதான் கேட்டாங்க. நான்தான் டீச்சர்னு கையைத் தூக்கினேன். அந்தப் பிடியை அன்னைக்கு நாப்பது தடவை போட்டுப் பார்த்தோம்.

வியாபாரம் தொடங்குன வருசம், ஐப்பசி மழையில காயப்போட்ட நெத்திலி முழுசும் நாறிப் போச்சு. போட்ட முதல் அத்தனையும் அதுலதான் கெடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது டீச்சர் கேட்ட கேள்விதான். எங்க கை விட்டுச்சு? தரையில பரப்பினேன், மூடத் தார்ப்பாய் வாங்கி வைக்கல. மறுநாள் காலையில கடன் வாங்கிக்கிட்டு அதே ஏலத்துக்குப் போய் நின்னேன். பரீட்சையில தோத்த பிள்ளையை நாம மூலையில உட்கார வைக்கிறோம். ஆட்டத்துல தோத்த பிள்ளைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு ஆட்டம் இருக்கு. தொழிலுக்கு எந்தப் பழக்கம் உதவும்னு நடுவர் அவர்களே சொல்லணும்.

பெரிய ஆளுங்க யாராவது உண்டான்னும் தம்பி கேட்டாரு. நம்ம சென்னையில பொறந்த இந்திரா நூயி, கிறித்தவக் கல்லூரியில பெண்கள் கிரிக்கெட் அணியில ஆடினவங்க. 2006-லேர்ந்து 2018 வரைக்கும் பெப்சி குளிர்பானம் விக்கிற பெப்சிகோ கம்பெனியை நடத்தினாங்க. படிப்பும் இருந்துச்சு, ஆட்டமும் இருந்துச்சு. படிப்பை விடுங்கன்னு எங்க அணியில யாருமே சொல்லல.

எங்களுக்கு இருக்கிற வருத்தம் வேற. பிளஸ் டூ வந்ததும் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கிறாங்க. பொம்பளப் பிள்ளைன்னா எட்டாவதோட திடலை மூடிர்றோம். அந்தப் பிள்ளைங்கதான் நாளைக்குக் கடல்பாசி வளர்க்கப் போகுது, மகளிர் குழுவுல கடன் வாங்கப் போகுது, கடை வைக்கப் போகுது.

கபடியில எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு உண்டு. நான் ஒருத்தியை அவுட் ஆக்கினா, வெளியில உட்கார்ந்திருக்கிற எங்க அணிக்காரி ஒருத்தி உள்ள வருவா. என்கிட்ட வேலைக்கு யாரு வந்தாலும் மொதல்ல என்ன விளையாடுவேன்னுதான் கேப்பேன். போன மாசம் வந்த பொண்ணு, வாலிபால்ல பந்து தூக்கிக் கொடுக்கிறவ. மூணாவது நாள் மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. நான் கூப்பிடுறதுக்குள்ள தார்ப்பாயோட ஒரு முனையை அவ பிடிச்சிருந்தா. இன்னொரு முனைக்கு யாரு வரணும்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா.

தீர்ப்பு உங்க கையில, நடுவர் அவர்களே. வணக்கம்.