கதை கேம்கள்: பலம் எங்கே, சறுக்கல் எங்கே?

[திரையில்: மீன் ஆலை. ஓடும் பெல்ட்டில் சால்மன் மீன்கள்.]

வணக்கம். 2017-ல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' கேமில் வரும் காட்சி இது. ஸ்பாய்லர் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லூயிஸ் என்ற இளைஞன் மீன் ஆலையில் வேலை பார்க்கிறான். கண்ட்ரோலரின் வலது ஸ்டிக்தான் அவன் கை. மீனை இழுத்து, கத்திக்கு அடியில் வைத்துத் தலையை வெட்டி, எடுத்து எறிய வேண்டும். அப்புறம் அடுத்த மீன். கொஞ்ச நேரத்தில் திரையின் ஓரத்தில் அவனுடைய பகல்கனவு தெரிய ஆரம்பிக்கிறது. கனவுக்குள் நடப்பவனை இடது ஸ்டிக்கால் நகர்த்துகிறோம். போகப்போகக் கனவு பெரிதாகி ஆலையையே மறைத்துவிடுகிறது. வலது கை மட்டும் நிற்காமல் மீன் வெட்டிக்கொண்டிருக்கிறது. யோசிக்காமலே வெட்டுகிறோம் என்பது சட்டென்று உறைக்கும்போது, லூயிஸுக்கு என்ன ஆகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதைப் படமாக எடுத்தால் நாம் லூயிஸைப் பார்ப்போம், அவ்வளவுதான். இங்கே அவன் கவனம் நழுவுவது நம் விரலுக்கே தெரிகிறது. கதை கேமின் பெரிய பலம் இதுதான் என்பது என் கருத்து.

[திரையில்: இரண்டு சாய்ஸ், கீழே ஓடும் நேரம்.]

ஆனால் இந்த வகை கேம்கள் பெரும்பாலும் வேறொன்றைச் சொல்லித்தான் விற்கின்றன: 'உங்கள் முடிவுதான் கதையை மாற்றும்!'

டெல்டேல் நிறுவனத்தின் 2012 'தி வாக்கிங் டெட்' கேமை எடுத்துக்கொள்வோம். முதல் எபிசோட் முடியும் இடத்தில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யோசிக்கக் கிடைப்பது சில நொடிகள். பதறிப்போய் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம். மூன்றாவது எபிசோடில், நாம் காப்பாற்றியவர் யாராக இருந்தாலும் செத்துப்போகிறார்.

காரணம் எளிய கணக்கு. இரண்டு வழி பிரியும் முடிவுகள் பத்து வந்தால், கதை 1,024 விதமாகப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதி, குரல் கொடுத்து, அனிமேஷன் செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பிரிந்த கிளைகளை மறுபடி ஒரே பாதையில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். 2018-ல் வந்த 'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்' நிறையவே கிளைவிட்டது உண்மை. அதிலும் எல்லாம் பிரிவதில்லை.

கிளைகள் சேர்வதை நான் குறையாக நினைக்கவில்லை. முதல் முறை ஆடும்போது அந்தப் பதற்றம் நிஜம். இல்லாத சுதந்திரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதுதான் தவறு. இரண்டாவது முறை ஆடுகிறவருக்கு ஏமாந்த உணர்வு வருவது அதனால்தான்.

இன்னொரு சிக்கல் பணம். கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். வாங்குகிறவருக்கு நல்ல விதிதான். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கேமை முழுக்க ஆடிவிட்டுக்கூடத் திருப்பித் தரலாமே! போதாக்குறைக்கு யூடியூப்பில் முழுக் கதையும் இலவசம். சண்டை கேமைப் பார்த்தவர்களுக்கு ஆடவும் ஆசை வரும். கதை கேமைப் பார்த்தவர்களில் பலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

[திரையில்: இட்லிப் பானை, எழுத்து அழிந்த சமையல் குறிப்பு.]

சரி, நமக்கு நெருக்கமான ஒன்று. டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'. 1980களில் கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பம். குடும்பத் தலைவி வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை ஊகித்து வெண்பா இட்லி வைக்கிறாள், புட்டு அவிக்கிறாள். சமைப்பது நாம். பிற்பாடு, தமிழ் சரியாகப் படிக்க வராத மகன் கவினாக அதே புத்தகத்தைத் திறக்கிறோம். நன்றாகத் தமிழ் தெரிந்தவர்கள்கூட அங்கே அவனைப்போலவே தடுமாறுவார்கள். மீன் ஆலைக் காட்சி செய்த வேலையை இங்கே ஒரு சமையலறை செய்கிறது.

குறையும் உண்டு. பேச்சில் நாம் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை போகிற வழியில்தான் போகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கவின் வளர்ந்து, அம்மாவிடமிருந்து விலகிப்போகும் வருடங்களைக் கேம் வேகமாகத் தாண்டிவிடுகிறது. அங்கே இன்னும் இரண்டு சமையலும் இரண்டு சண்டையும் இருந்திருக்க வேண்டும்.