தீர்க்கதரிசியும் தவறலாம், ஆனால் எப்போது?

நேயர்களுக்கு வணக்கம். மார்மன் சபையாரிடையே ரொம்ப நாளாகப் புழங்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. போப்பாண்டவர் தவறமாட்டார் என்று கத்தோலிக்க சபை சொல்கிறது, கத்தோலிக்கர் யாரும் அதை நம்புவதில்லை. எங்கள் தீர்க்கதரிசி தவறக்கூடியவர்தான் என்று எங்கள் சபை சொல்கிறது, எங்களில் யாரும் அதை நம்புவதில்லை. இது வெளியார் செய்யும் கேலி அல்ல, அவர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வது. கத்தோலிக்க நேயர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். போப்பாண்டவர் முறைப்படி அறிவிக்கும் சில தருணங்களுக்கு மட்டும்தான் அந்தக் கோட்பாடு என்பது எனக்கும் தெரியும். வேடிக்கைப் பேச்சு அவ்வளவு நுணுக்கம் தாங்காது.

மார்மன் சபை என்று நாம் சொல்வதன் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 24 வயது இளைஞர் தொடங்கியது. இன்று தலைமையகம் யூட்டாவில், சால்ட் லேக் சிட்டியில். சபைத் தலைவரைத் தீர்க்கதரிசி என்றே அழைப்பார்கள். கடவுள் அவரோடு இன்றும் பேசுகிறார் என்பது அவர்கள் விசுவாசம்.

சரி, அப்படிப்பட்டவர் தவறுவாரா? தவறுவார் என்று அவர்களுடைய வேதநூலே சொல்கிறது. மார்மன் புத்தகத்தின் முகப்புப் பக்கத்திலேயே, இதில் குறைகள் இருந்தால் அவை மனிதருடைய பிழைகள் என்று எழுதியிருக்கிறது. 1828இல் அந்த நூலின் முதல் 116 பக்கக் கையெழுத்துப் படியை மார்ட்டின் ஹாரிஸ் என்பவர் வீட்டில் காட்ட வேண்டும் என்று கெஞ்சி வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டார். கொடுத்து அனுப்பியவர் ஜோசப் ஸ்மித். கடவுளைவிட மனிதனுக்குப் பயந்தாயே என்று கடவுள் அவரைக் கண்டிப்பதாக ஒரு வெளிப்பாடு வந்தது. வாங்கிய திட்டை அவர் மறைக்கவில்லை, வேதத்திலேயே சேர்த்துவிட்டார். எனக்கு இது பிடிக்கும். அடுத்து வந்த பிரிகம் யங்கும், ஜனங்கள் தலைவர்களை அளவுக்கு மீறி நம்பிவிட்டு, தாங்களே கடவுளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடுவார்களோ என்று பயப்படுவதாக 1862இல் பிரசங்கம் செய்தார்.

ஆகக் கோட்பாட்டில் குறை இல்லை. எப்போது ஒப்புக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. நம் வீடுகளில் பாருங்கள், தாத்தா செய்த தப்பைப் பேரன்கள் திண்ணையில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவார்கள். அப்பா எதிரே இருக்கும்போது அப்பாவின் தப்பை யாராவது பேசுவார்களா? மார்மன் சபையிலும் அதேதான். செத்துப்போன தலைவர் தவறியிருக்கலாம், இருக்கிற தலைவர் தவறமாட்டார்.

இதற்கு ஒரு காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. தலைவர் பதவி ஆயுள் பதவி. அவருக்குக் கீழே அப்போஸ்தலர்கள் என்று உயர்மட்டத் தலைவர்கள் உண்டு, அவர் இறந்ததும் அவர்களில் மூத்தவர் அந்த இடத்துக்கு வருவதே வழக்கம். அப்படி வருகிறவர் அதே மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து, அதே முடிவுகளுக்குக் கை தூக்கியவர். போனவர் தவறினார் என்று சொன்னால் தானும் தவறியதாகத்தானே ஆகும்?

இந்த இடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பேசக் கூப்பிட்டால் எப்படியாவது இவரிடம் வந்துவிடுவேன். ஜூவனிட்டா புரூக்ஸ், 1898இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியை, மார்மன் குடும்பத்தில் பிறந்து கடைசிவரை மார்மனாகவே வாழ்ந்தவர். 1919இல், நெவாடாவில் சின்ன ஊர் ஒன்றில் வாத்தியார் வேலை. நீஃபை ஜான்சன் என்று அந்த வட்டாரத்தில் மதிப்புள்ள ஒரு முதியவர். ஒரு நாள் அவரிடம் வந்து, என் கண் பார்த்ததை என் நாக்கு இதுவரை சொன்னதில்லை, சாவதற்கு முன் நீ எழுதி வைக்க வேண்டும் என்கிறார். கிழவர் பழங்கதை ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து ஜூவனிட்டா தள்ளிப்போட்டுவிட்டார். அப்புறம் பெரியவர் படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டு ஓடிப்போனால், அவருக்கு நினைவு தப்பிவிட்டது. பிரசங்கம் செய்கிறார், ஜெபிக்கிறார், பாடுகிறார். நடுவே கண் விரிய, இரத்தம், இரத்தம், இரத்தம் என்று அலறுகிறார். என்ன ஆயிற்று இவருக்கு என்று கேட்டதற்கு, மவுண்டன் மெடோஸில் அவர் இருந்தார் என்று பதில் வந்தது.

மவுண்டன் மெடோஸ் யூட்டாவின் தென்மேற்கில் ஒரு புல்வெளி. 1857 செப்டம்பர் 11 அன்று, ஆர்கன்சாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிக் கூட்டத்தார் ஏறக்குறைய 120 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் உள்ளூர் மார்மன் படையாட்கள், அவர்களோடு சேர்ந்த சில பையூட் பழங்குடியினர். வெள்ளைக்கொடி காட்டி, பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்று ஆயுதங்களை வாங்கிவிட்டுக் கொன்றார்கள். தப்பியவர்கள் 17 சின்னக் குழந்தைகள் மட்டும். வண்டிக் கூட்டத்தாரைத் தடுக்காமல் போகவிடுங்கள் என்று பிரிகம் யங் எழுதிய கடிதத்தோடு ஒருவர் குதிரையில் சால்ட் லேக்கிலிருந்து விரைந்து வந்தார். இரண்டு நாள் தாமதம். பழியைப் பையூட் மக்கள்மேல் போட்டார்கள். 1877இல் ஜான் லீ என்ற ஒரே ஒருவரை மட்டும் அதே இடத்தில் நிறுத்திச் சுட்டுக்கொன்று கணக்கை முடித்தார்கள்.

ஜூவனிட்டா இதை விடவில்லை. பிள்ளைகள் நிறைந்த வீடு. பெரும்பாலும் இராத்திரியில்தான் தட்டச்சு. பகலில் எழுதும்போது பக்கத்திலேயே இஸ்திரிப் பலகையை விரித்து வைத்திருப்பார். அக்கம்பக்கத்தார் யாராவது வந்தால் தட்டச்சு இயந்திரத்தின்மேல் துணிக் குவியலைப் போட்டுவிட்டு, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் போலக் கதவைத் திறப்பார். இந்தக் காட்சியைச் சொல்லாமல் எனக்கு இருக்க முடியாது. சபையின் பெண்கள் சங்கத்துக்கு வட்டாரத் தலைவியாக இருந்தவர், சபையின் வரலாற்றைத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்து எழுத வேண்டியிருந்தது.

தலைமையகத்தில் இருந்த சாட்சி வாக்குமூலங்களைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் 1950இல் நூல் வந்துவிட்டது. அதில் அவர் கண்ட முடிவு நிதானமானது: பிரிகம் யங் கொலைக்கு உத்தரவிடவில்லை, ஆனால் அவரும் மற்ற தலைவர்களும் செய்த காரசாரமான பிரசங்கங்கள் அந்தச் சூழலை உண்டாக்கின, பிறகு மூடி மறைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. முன்னுரையில், நான் சார்ந்திருக்கும் சபைக்கு உண்மையைத் தவிர வேறெதுவும் தகுதியானதாக இராது என்ற பொருளில் எழுதினார். கவனியுங்கள், நான் சார்ந்திருக்கும் சபை. அவரைச் சபைநீக்கம் செய்யவில்லை. ஆனால் ஊரில் ஒதுக்கினார்கள். 1961இல் சபை ஓசைப்படாமல் ஜான் லீக்கு உறுப்பினர் தகுதியைத் திருப்பிக் கொடுத்தது. அதை வெளியிட வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். அதையும் அச்சில் போட்டுவிட்டார். சம்பவம் நடந்து 150 ஆண்டு கழித்து, 2007இல், ஹென்றி ஐரிங் என்ற அப்போஸ்தலர் அதே புல்வெளியில் நின்று சபையின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். ஜூவனிட்டா 1989இலேயே காலமாகிவிட்டார். நான் சொன்ன திண்ணைக் கணக்கு சரியாக இருக்கிறதா?

இன்னொன்று. 1945 ஜூன் மாதம் வீடுவீடாகப் போய்ப் படித்துக்காட்டச் சபை ஒரு செய்தி தயாரித்தது. தலைவர்கள் பேசிவிட்டால் யோசிக்க வேண்டியதை யோசித்தாகிவிட்டது என்று பொருள்பட ஒரு வரி அதில் இருந்தது. வேறு சபைப் போதகர் ஒருவர் இது என்ன என்று கேட்டு எழுதினார். அன்றைய தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித், அது எங்கள் நிலைப்பாடு அல்ல, அந்தச் செய்தியால் சபைத் தலைவர்களும் சங்கடப்பட்டார்கள் என்று பதில் போட்டார். நல்ல பதில்தான். ஆனால் யாருக்கு? வெளியார் ஒருவருக்கு, தனிக் கடிதத்தில். தப்பு போனது வீட்டுக்கு வீடு, திருத்தம் போனது ஓர் உறையில்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் விசுவாசமே பொய்யா என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஜூவனிட்டாவுக்கு விசுவாசம் இல்லாவிட்டால் இஸ்திரிப் பலகைக்குப் பக்கத்தில் அத்தனை இரவு உட்கார்ந்திருக்கமாட்டார். எழுதாமல் சும்மா இருந்திருப்பார், அல்லது சபையைவிட்டுப் போயிருப்பார்.

நேரம் நெருங்கிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். கறுப்பினத்தவர் விஷயத்தை விரிவாகப் பேச வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 1836இல் எலைஜா ஏபிள் என்ற கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம், கொடுத்த சபைதான் அது. 1852இல் பிரிகம் யங் அந்த இனத்தாருக்கே அதைத் தடை செய்தார். 1978 ஜூன் வரை தடை நீடித்தது. தடைக்கு வேத விளக்கம் எழுதிவந்த புரூஸ் மக்காங்கி என்ற அப்போஸ்தலர் அதே ஆகஸ்டில், நான் சொன்னதையும் பிரிகம் யங் சொன்னதையும் மறந்துவிடுங்கள், குறைந்த வெளிச்சத்தில் பேசிவிட்டோம் என்றார். இருக்கும்போதே ஒரு தலைவர் அப்படிச் சொன்னது அபூர்வம், என் கணக்குக்கு அது விதிவிலக்கு. ஆனால் அந்த விளக்கங்களைச் சபை கைவிடுகிறது என்று அதிகாரபூர்வமாக எழுத்தில் வர 2013 டிசம்பர் ஆயிற்று.

கடைசியாக ஒன்று. 2015 நவம்பரில், ஒருபால் இணையரோடு வாழும் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை ஞானஸ்நானம் கிடையாது என்று ஒரு விதி வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அங்கே எட்டு வயதில் ஞானஸ்நானம். இது கடவுளின் சித்தம் என்று மூத்த அப்போஸ்தலர் ரசல் நெல்சன் 2016 ஜனவரியில் பேசினார். 2019 ஏப்ரலில் அதே நெல்சன் தலைவராக இருக்கும்போது விதி நீக்கப்பட்டது, அதற்கும் வெளிப்பாடே காரணம் என்றார்கள். முதலில் தவறிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. விதி வந்தபோது எட்டு வயதாக இருந்த பிள்ளைகள் அதற்குள் பதினொன்றைத் தாண்டியிருந்தார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.