ஊரே பாடுற பாட்டு ஏன் இப்போ அமைய மாட்டேங்குது?

[காட்சி: பினாங்கு, தைப்பூசக் காலை. ஜாலான் உத்தாமா, வரிசையாகத் தண்ணீர்ப் பந்தல்கள்.]

தைப்பூசத்தன்னிக்கு ஜாலான் உத்தாமாவுல இருந்து தண்ணீர்மலைக் கோயிலை நோக்கி நடக்கிறீங்க. ஒரு பந்தல்ல முருகன் பாட்டோட பல்லவி ஓடுது. நாலு எட்டு வச்சதும் அது தேய்ஞ்சு, அடுத்த பந்தலோட ஒலிபெருக்கி காதைப் பிடிக்குது. அங்கேயும் அதே பாட்டு, ஆனா ரெண்டாவது சரணம். மலையடிவாரம் போய்ச் சேர்றதுக்குள்ள அதை ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பீங்க. ஒரு தடவைகூட நீங்களா போடலை. மறுநாள் குளிக்கும்போது வாய் தானா அதை முணுமுணுக்கும்.

ஒரு பாட்டு ஊர்ப் பாட்டா மாறுறது இப்படித்தான். நாம தேடிப் போகாம, அது நம்மளைத் தேடி வந்து, கொஞ்ச நாளுக்குள்ள திரும்பத் திரும்பக் காதுல விழணும். பக்கத்து வீட்டுக்காரர் காதுலயும் அதே நாள்கள்ல விழணும்.

[காட்சி: நாள்காட்டி. மே கடைசி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை மஞ்சள் நிறம்.]

அமெரிக்காவுல இதுக்கு ஒரு பருவமே இருக்கு. மே மாசக் கடைசியில வர்ற நினைவு தினத்துல இருந்து செப்டம்பர் தொடக்கத்துல வர்ற தொழிலாளர் தினம் வரைக்கும், கோடைப் பாட்டுகளுக்குன்னே பில்போர்டுங்கிற இசைப் பத்திரிகை தனிப் பட்டியல் போடுது. 2017-ல 'டெஸ்பாசித்தோ' பொதுப் பட்டியல்ல 16 வாரம் முதலிடத்துல நின்னுச்சு. 2019-ல 'ஓல்ட் டவுன் ரோட்' 19 வாரம். ரெண்டும் கோடை முழுக்க ஒலிச்ச பாட்டு. 2025 கோடைப் பட்டியல்ல முதல்ல வந்தது அலெக்ஸ் வாரனோட 'ஆர்டினரி'. பிப்ரவரியில வெளியான, மெதுவா நகர்ற காதல் பாட்டு. கல்யாண மண்டபத்துக்கு அழகாப் பொருந்தும். கடற்கரையில ஆட முடியாது.

நமக்குக் கோடைன்னு தனியா ஒண்ணு கிடையாது. கோலாலம்பூர்ல ஜனவரி வெயிலும் ஜூலை வெயிலும் ஒண்ணுதான். நம்ம பருவம் தைப்பூசம், தீபாவளி, பள்ளி விடுமுறையில அடுத்தடுத்து வர்ற கல்யாணங்கள். அந்த நாள்கள்லயும் புதுப் பாட்டு ஒட்ட மாட்டேங்குது. மண்டபத்துல கூட்டம் எழுந்து ஆடுறது இன்னும் பத்து, இருபது வருசப் பாட்டுக்குத்தான்.

பாட்டுக்காரங்களுக்குத் திறமை வத்திப் போச்சுங்கிறதை நாங்க ஏத்துக்கலை. கேட்கிற முறை மாறிடுச்சு. அதுக்குத் தக்கபடி பாட்டோட உடம்பையும் மாத்திட்டாங்க. கோளாறு அங்கேதான்.

[காட்சி: பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. பிறகு எல்.ஆர்.டி. பெட்டி உள்ளே.]

பாப் வானொலிகள்ல 'பவர் ரொட்டேஷன்'னு ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரத்தோட பெரிய பாட்டை ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடுவாங்க. ஒரு நாளைக்கு 12, வாரத்துக்கு 84. காலையில காடி ஓட்டுறவங்க, பகல்ல கடையில நிற்கிறவங்க, ராத்திரி பாதுகாவலர் வேலை பார்க்கிறவங்க எல்லாருக்கும் தலைக்கு நாலஞ்சு தடவையாவது கிடைச்சிடும். அதோட கேசட் கடை வாசல்ல வச்ச ஒலிபெருக்கி, மாமாக் கடைத் தொலைக்காட்சி, பாசார் மாலாம்.

இப்போ எல்.ஆர்.டி. பெட்டியில நாற்பது பேர் இருந்தா, நாற்பது காதுல நாற்பது பாட்டு. செயலி ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க ருசிக்கு ஏத்ததை எடுத்துக் கொடுக்குது. அதுல தப்பில்லை, நல்ல வசதிதான். ஆனா பிடிக்காத பாட்டை ஆறாவது தடவை கேட்டு, அப்புறம் பிடிச்சுப் போற வாய்ப்பு அதுல இல்லை. முதல் தடவையே தள்ளிவிட்டுடறோம். பெரிய ஹிட்டுகள்ல பலது, முதல் கேட்புல 'என்னடா இது'ன்னு தோணினதுதான்.

[காட்சி: திரையில் அளவுகோல். 0 முதல் 270 நொடி வரை.]

இப்போ பாட்டோட உடம்பைப் பார்ப்போம். இதை நிதானமாச் சொல்றோம், ஏன்னா சலிப்போட வேர் இங்கேதான் இருக்கு.

நிமிஷத்துக்கு 96 தட்டு வேகத்துல ஒரு பாட்டை எடுத்துக்குங்க. நாலு தட்டு சேர்ந்தா ஒரு பார். இந்த வேகத்துல ஒரு பார் சரியா 2.5 நொடி. எண்பதுகள்ல வந்த தமிழ்ப் பாட்டோட பொதுவான அமைப்பை இந்தக் கணக்குல போட்டா, முன்னிசை 8 பார், 20 நொடி. பல்லவி 16 பார், 40 நொடி. அப்புறம் 30 நொடி இடையிசை, 50 நொடி சரணம், 20 நொடிக்குப் பல்லவி. மறுபடி 30 நொடிக்கு வேற ஒரு இடையிசை, 50 நொடி ரெண்டாவது சரணம், கடைசிப் பல்லவி 30 நொடி. மொத்தம் நாலரை நிமிஷம்.

இதுல கவனிக்க வேண்டியது அந்த ரெண்டாவது இடையிசை. முதல்ல வந்ததையே திரும்பப் போட மாட்டாங்க. முதல்ல வயலின் வந்திருந்தா, ரெண்டாவதுல புல்லாங்குழல் வரும், சுருதியே கொஞ்சம் விலகிப் போய்த் திரும்பும். பத்தாவது தடவை கேட்கும்போதுதான் அது காதுக்குத் தெரியும். தெரிஞ்ச நாள்ல இருந்து பாட்டு இன்னும் பிடிச்சுப் போகும்.

இன்னிக்கு ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 30 நொடி ஓடினாத்தான் அது ஒரு கேட்பு. 29-வது நொடியில தள்ளினா கணக்குல வராது. அதனால முன்னிசை 2 பார், 5 நொடி. உடனே ஹூக், அதாவது மனசைக் கொக்கி போட்டு இழுக்கிற வரி, 8 பார், 20 நொடி. 25-வது நொடியில பாட்டோட சிறந்த இடம் முடிஞ்சு போச்சு. அப்புறம் 20 நொடி சரணம், மறுபடி ஹூக், இப்படியே இரண்டரை நிமிஷம். அமெரிக்கப் பட்டியல்ல முதல் பத்துல வந்த பாட்டுகளை 1986-ல இருந்து 2015 வரைக்கும் அளந்த ஒரு ஆய்வு 2017-ல வந்தது. முன்னிசை 20 நொடிக்கு மேல இருந்தது 5 நொடி அளவுக்குச் சுருங்கினதை அது காட்டுச்சு. டிக்டாக்குக்கு முன்னாடியே தொடங்கின சுருக்கம் இது.

சுருக்குறது குற்றம் இல்லை. ஒரே ஓட்டத்துல ஹூக் நாலு தடவை வந்தா, பத்து ஓட்டத்துல நாற்பது தடவை. அதைத் தவிர பாட்டுல கண்டுபிடிக்க வேற இடமே இல்லை. மூணு வாரத்துல சலிச்சிடும். பழைய பாட்டுல மூணாவது வாரம்தான் ரெண்டாவது இடையிசை திறக்கும்.

[காட்சி: உறுமி. வளைந்த குச்சி தோலில் உரசுவது மிக அருகில்.]

அடுத்தது சத்தம். உறுமியை எடுத்துக்குங்க. ஒரு முகத்துல குச்சியால அடிப்பாங்க, இன்னொரு முகத்துல வளைஞ்ச குச்சியால உரசுவாங்க. அந்த உரசல்ல வர்ற உறுமல்தான் வயித்துக்குள்ள போய் ஆட்டி வைக்குது. அதைக் கைப்பேசியோட சின்ன ஒலிபெருக்கியில போடுங்க. 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது அதுல வெளியவே வராது. உறுமல் காணாமப் போய், குச்சி தட்டுற 'டக் டக்' மட்டும் மிஞ்சும். நிறையப் பேர் கைப்பேசியில கேட்கிறதால, இசையமைக்கிறவங்களும் அதுக்கு ஏத்த மாதிரி கைத்தட்டல், சொடக்கு, கூர்மையான குரல்னு நடு அலைவரிசையில எல்லாத்தையும் குவிக்கிறாங்க. கேட்கிறவங்களுக்கு எல்லாப் பாட்டும் ஒரே நிறமாத் தெரியுது.

அது மட்டும் இல்லை, முழுப் பாட்டையும் ஒரே உயரத்துக்கு அமுக்கி ஏத்துறாங்க. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் -14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியிற சத்தத்தோட அளவு) அளவுக்குக் கொண்டு வருது. நீங்க -7-க்கு அமுக்கிக் கொடுத்தா, அது 7 டெசிபெல் இறக்கிடும். சத்தத்துல கிடைச்ச லாபம் போச்சு, அமுக்கினதால வந்த தட்டைத்தன்மை மட்டும் தங்கிடும். சரணமும் பல்லவியும் ஒரே உயரத்துல ஓடினா, பல்லவி வரும்போது உடம்பு எழும்பாது. மேலை நாட்டுப் பாட்டுகள்ல இது நீண்ட காலப் போக்கு. 1955-ல இருந்து 2010 வரைக்குமான 464,411 ஒலிப்பதிவுகளை அளந்து ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2012-ல வெளியிட்டாங்க. ஸ்வரத்துக்கு ஸ்வரம் போற வழிகள் குறைஞ்சிருக்கு, ஒலிநிறங்கள் ஒண்ணுபோல ஆகியிருக்கு, சத்தம் கூடியிருக்கு.

ஆயத்த லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடுற தயார் இசைத் துண்டுதான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்றவங்களும் உண்டு. 2024 கோடையில பட்டையைக் கிளப்பின சப்ரினா கார்ப்பென்டரோட 'எஸ்ப்ரெஸ்ஸோ'வே விலைக்குக் கிடைக்கிற லூப்பை வச்சுக் கட்டினதுதான். அது மேல என்ன மெட்டு உட்காருதுங்கிறதுதான் கேள்வி.

[காட்சி: பட்டியல் திரை. பழைய பாட்டுகளின் பெயர்கள் நகராமல் நிற்கின்றன.]

புதுப் பாட்டுக்கு நாற்காலியும் காலியா இல்லை. வெளியாகி 18 மாசம் தாண்டினதை வணிகத்துல 'கேட்டலாக்'னு சொல்வாங்க. அமெரிக்காவுல கேட்கப்படுறதுல ஏறக்குறைய நாலுல மூணு பங்கு அதுதான். டெடி ஸ்விம்ஸோட 'லூஸ் கன்ட்ரோல்' பில்போர்டோட முதல் நூறு பாட்டுப் பட்டியல்ல 100 வாரத்துக்கு மேல உட்கார்ந்திருந்தது. முன்னெல்லாம் கேசட் வாங்கினா ஒரு தடவைதான் கணக்கு. இப்போ ஒவ்வொரு கேட்பும் கணக்கு, அதனால பழசு லேசுல இறங்காது.

சென்னையிலயும் இதே காத்துதான். புதுப் படத்தோட சண்டைக் காட்சியில பழைய பாட்டை அப்படியே போட்டா அரங்கு அதிருது. 2022-ல 'விக்ரம்' படத்துல 'சக்கு சக்கு வத்திக்குச்சி', 2023-ல 'லியோ'வுல 'கரு கரு கருப்பாயி'. 2024-ல 'வேட்டையன்' படத்துக்காக, 2011-ல மறைஞ்ச மலேசியா வாசுதேவனோட குரலைச் செயற்கை நுண்ணறிவால உருவாக்கி 'மனசிலாயோ'வுல பாட வச்சாங்க. மகன் யுகேந்திரனும் அதுல பாடியிருக்கார். இந்த மண்ணுல பிறந்த குரலைத் திரும்பக் கேட்கிறது நெஞ்சைத் தொடுது, மறுக்க முடியாது. அதே நேரம், அந்த இடத்துல ஒரு புதுக் குரல் அறிமுகம் ஆகியிருக்கலாமேங்கிற வருத்தமும் எங்களுக்கு உண்டு.

பழசைத் தொடுறதுக்கு வேற வழியும் இருக்கு. 2006-ல நம்ம யோகி பி குழு 'மடை திறந்து' பாட்டை எடுத்தப்போ, பழைய பல்லவியை அடித்தளமா வச்சு, அது மேல சொந்தமா ராப் வரிகளைக் கட்டினாங்க. அது இங்கேருந்து கிளம்பித் தமிழ்நாட்டுலயும் ஒலிச்சது.

[காட்சி: மேசை மேல் ஒரு தாள், ஐந்து வரிகள்.]

சலிப்பு பாட்டுலயா, நம்ம காதுலயான்னு சோதிக்கவும் வழி உண்டு. பதின்ம வயசுல கேட்ட பாட்டு மனசுல ஆழமாப் பதியுது, அதனால நாற்பது வயசுக் காது புதுசைச் சந்தேகத்தோடதான் கேட்கும். இந்த வருசத்துப் பாட்டு அஞ்சை எடுங்க. கைப்பேசியில வேண்டாம், காடியில போடுங்க. தள்ளாம முழுசா, ஒரு வாரத்துல ஆறு தடவை. எட்டாவது நாள் வரி இல்லாம மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்க. ஹூக்கைத் தாண்டிச் சரணமும் வாய்க்கு வந்தா பாட்டு நல்லா இருக்கு, உங்களுக்குப் பழக்கம்தான் குறைவு. தாளம் மட்டும் நினைவு இருந்து மெட்டு வரலைன்னா, அந்தப் பாட்டுல மெட்டே கம்மி.

[காட்சி: சின்ன ஒலிப்பதிவுக் கூடம். திரையில் அலைவரிகள்.]

இங்கே சொந்தமாப் பாட்டுப் பண்றவங்களுக்குச் சிலது. சரணத்தை விடப் பல்லவி 2, 3 டெசிபெல் மேலே நிற்கட்டும். கடைசியில அமுக்கும்போது அந்தப் படி அழியுதான்னு பார்த்துக்குங்க, பெரும்பாலும் அங்கேதான் அழியும். உறுமல் 70 ஹெர்ட்ஸ்ல இருந்தா லேசா சாச்சுரேஷன் (ஒலியை மெல்லச் சிதைச்சு மேலொலிகளைச் சேர்க்கிற முறை) கொடுங்க. 210, 280-ல அதோட மேலொலிகள் எழும்பும், கைப்பேசியிலயும் உறுமி உறுமியாக் கேட்கும். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி 4 பாராவது புது இசை வைங்க. வெறும் 10 நொடிதான்.

பாட்டை வெளியிடுற நாளையும் கணக்குப் போடுங்க. தீபாவளிப் பாட்டைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி விட்டா, ஒருத்தர் காதுல ரெண்டு தடவை விழும். எட்டு வாரம் முன்னாடி விட்டா, வாரத்துக்கு ரெண்டுன்னாலும் பதினாறு. அதுக்குள்ள மின்னல் எஃப்எம், ராகா வானொலி ரெண்டுக்கும் அனுப்பிடணும். பிரிக்பீல்ட்ஸ்லயும் லெபோ பசார்லயும் துணிக்கடை, பூக்கடைக்காரங்க கையில பென்டிரைவ்ல கொடுங்க. கல்யாண டிஜேக்களுக்குத் தனிக் கோப்பு வேணும். தொடக்கத்துல 16 பார் வெறும் தாளம் இருந்தாத்தான் முந்தின பாட்டுல இருந்து வெட்டாம இதுக்குள்ள வர முடியும். 5 நொடியில ஹூக் வர்ற கோப்பைக் கொடுத்தா, எவ்வளவு நல்ல பாட்டா இருந்தாலும் ஒதுக்கிடுவாங்க.

கரோக்கே ட்ராக்கையும் பாட்டு வெளியாகிற அன்னிக்கே போட்டுடுங்க, ஆண் குரல் சுருதியில ஒண்ணு, பெண் குரல் சுருதியில ஒண்ணு. விருந்துல ஒலிவாங்கியைப் பிடிக்கிற அத்தைக்கு அந்தச் சுருதி எட்டலைன்னா, அவங்க பழைய பாட்டுக்கே போயிடுவாங்க.