காலவெளி வளைஞ்சிருக்குன்னா எதை அளந்து பார்க்கணும்?

வணக்கம் மக்களே. காலமும் வெளியும் (இடமும்) சேர்ந்ததுதான் காலவெளி, அது வளையறதைத்தான் ஈர்ப்புன்னு ஐன்ஸ்டைன் சொன்னார். அதை விளக்க வழக்கமா ஒரு படம் காட்டுவாங்க: விரிச்ச ரப்பர் ஷீட், நடுவுல இரும்புக் குண்டு, சுத்தி உருளுற கோலி. அந்தப் படத்தை இன்னைக்கு ஓரமா வெச்சிடுவோம். குண்டு ஷீட்டை அமுக்குறதே ஈர்ப்பாலதான், அப்ப ஈர்ப்பை வெச்சே ஈர்ப்பை விளக்குற மாதிரி ஆயிடுது. அதைவிடப் பெரிய குறை, அதுல காலமே கிடையாது.

முதல்ல வளைவுன்னா என்னன்னு பார்ப்போம். ஒரு குளோப் எடுங்க. டேப்பை அரை சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிழிச்சுக்கோங்க, அகலமா இருந்தா உருண்டை மேல படியாது. நிலநடுக்கோட்டுல கொஞ்சம் இடைவெளி விட்டு ரெண்டு துண்டு, ரெண்டும் செங்குத்தா வடக்கு பார்த்துக் கிளம்பணும். இழுத்துத் திருப்பாம, அதுவா போற போக்குல ஒட்டிக்கிட்டே போங்க. ஒரு ஓரத்துல மட்டும் சுருக்கம் விழுந்தா கை திருப்பிடுச்சுன்னு அர்த்தம், பிரிச்சு மறுபடி ஒட்டுங்க. இணையாக் கிளம்பின ரெண்டும் துருவத்துல முட்டிக்கும். நேராப் போற ரெண்டு கோடு இணையாக் கிளம்பி, அப்புறம் நெருங்கினாலோ விலகினாலோ அங்க வளைவு இருக்கு. இதையே சுருட்டின பேப்பர் மேல பண்ணுங்க, கடைசி வரைக்கும் இணையாவே போகும். கண்ணுக்கு வளைஞ்சிருந்தாலும் கணக்குப்படி அது தட்டைதான்.

இப்ப வடக்கு திசைக்குப் பதிலா காலத்தை வெச்சுக்கோங்க. காற்று இல்லாத இடத்துல, ஒரே உயரத்துல, 10 மீட்டர் இடைவெளியில ரெண்டு கல்லை ஒரே சமயத்துல விடுறோம். 1 நொடியில ரெண்டும் 4.9 மீட்டர் விழும். இந்த 4.9 வளைவு இல்லைங்க, இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. கூடவே நீங்களும் விழுந்தா அது மறைஞ்சிடும். போன்ல முடுக்கமானி (accelerometer, வேகம் மாறுறதை அளக்குற கருவி) ஆப் போட்டுப் பாருங்க: மேசை மேல 9.8 காட்டும், மெத்தை மேல போடும்போது விழுற அந்த இடைவெளியில கிட்டத்தட்ட 0. அரை மீட்டர் விழ 0.3 நொடிதான் ஆகும், அதனால எண்ணைப் பார்க்காம கிராஃபைப் பாருங்க. போன் சுழன்டா 0 வராது.

கூட விழுந்தாலும் மறையாதது ஒண்ணு இருக்கு. ரெண்டு கல்லும் பூமியோட மையத்தைப் பார்த்துப் போறதால, அந்த 1 நொடியில இடைவெளி சுமார் 7.7 மைக்ரோமீட்டர் குறையும். ஒண்ணுக்கு மேல ஒண்ணா 10 மீட்டர் தள்ளி விட்டா, 15 மைக்ரோமீட்டர் கூடும். குளோப்ல டேப் பண்ணின அதே வேலை. இதுதான் வளைவு.

ஏன் இவ்வளவு சின்னது? காலத்தை நீளமா மாத்த, அந்த நேரத்துல ஒளி போற தூரத்தை எடுத்துக்குவாங்க; அப்ப 1 நொடி 3 லட்சம் கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போயும் 7.7 மைக்ரோமீட்டர்தான் நெருங்குது. குளோப் மேல ரெண்டு டேப் நெருங்குற அதே கணக்கை இங்கயும் போட்டா இந்த வளைவோட ஆரம் சுமார் 24 கோடி கிலோமீட்டர் வரும். சூரியனே 15 கோடியிலதான் இருக்கு!

காலம் உயரத்துக்கு உயரம் மாறுறதை ஜிபிஎஸ்ல தினமும் கணக்குல எடுத்துக்கிறாங்க. 20,200 கிலோமீட்டர் உயரத்துல ஈர்ப்பு குறைவா இருக்கிறதால ஜிபிஎஸ் செயற்கைக்கோள்ல இருக்கிற கடிகாரம் ஒரு நாளைக்கு 45 மைக்ரோநொடி முந்தும், வேகத்தால 7 பிந்தும், மிச்சம் 38. ஒளி அந்த நேரத்துல 11 கிலோமீட்டர் போயிடும். அதனால 10.23 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 10.22999999543-க்குக் குறைச்சு வெச்சுத்தான் மேல அனுப்புறாங்க.

அப்ப வெளியோட வளைவு எங்க தெரியும்? கல்லு மாதிரி மெதுவாப் போறதுக்குக் காலப் பகுதியே போதும். ஒளிக்குப் போதாது. சூரியன் விளிம்பை ஒட்டி வர்ற நட்சத்திர ஒளி 1.75 ஆர்க் நொடி (இது கோண அளவு, ஒரு டிகிரியில 3600-ல ஒரு பங்குதான் 1 ஆர்க் நொடி) திரும்பும்னு ஐன்ஸ்டைன் 1915-ல கணக்குப் போட்டார். 1919 மே 29 கிரகணத்துல எடுத்த படங்கள் அதுக்குத்தான் ஒத்து வந்துச்சு. அதுல பாதி காலத்தால, பாதி வெளியால. நீங்க கணக்குப் போட்டு 0.87 வந்துச்சுன்னா, வெளியோட பங்கை விட்டுட்டீங்க.