பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றிய பிறகும் பொறி பறந்தது ஏன்?

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாளாகக் குடைந்துகொண்டே இருந்தது. கோப்பாயில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் பழைய டொல்பின் வான் ஒன்றை வாங்கி, பின் சீற்றுகளைக் கழற்றிப் படுக்கை போட்டு, சின்ன பிரிட்ஜ், பான், கூரையில் சோலார் பனல் எல்லாம் பூட்டியிருக்கிறார்கள். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் தங்கிய ஒரு இரவு, நடுச்சாமத்தில் பான் நின்றுவிட்டது. பற்றரி முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மாற்றப் போயிருக்கிறார்கள். கேள்வியை அப்படியே வாசிக்கிறேன்.

“அண்ணா, நீங்கள் சொன்னபடி கறுப்பு வயரைத்தான் முதலில் கழற்றினோம். பிறகு சிவப்பில் ஸ்பனரைப் போட்டபோது அது வான் தகட்டில் பட்டுப் பொறி பறந்தது. எங்கே பிழை விட்டோம்? லிதியம் வாங்கினால் இந்தப் பயம் இல்லையா?”

பாதிப் பிழை என்னுடையது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற 10ஆம் நம்பர் ஸ்பனரை நெடுகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கதையை இன்னொரு தரம் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம். 1990களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். கார் பற்றரி ஒன்று வைத்திருந்தவர் அன்றைக்குப் பணக்காரர். நான் ஒரு கராஜில் கையாளாக நின்ற பெடியன். அவசரத்தில் சிவப்பை முதலில் கழற்றப் போனேன். ஸ்பனரின் வால் கார்ச் சட்டத்தில் தொட்டது. ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான். ஸ்பனர் இரும்போடு ஒட்டிக்கொண்டது. முதலாளி ஒரு தடிக்கட்டையால் அடித்துத் தள்ளிவிட்டு, முதலில் பற்றரியைத்தான் தடவிப் பார்த்தார், என் கையை இல்லை. அந்த நாளில் பையன்கள் கிடைப்பார்கள், பற்றரி கிடைக்காது. கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள். இந்த வாய்ப் பக்கம் மெழுகுதிரி வழிந்ததுபோல் இருக்கிறதா? அதுதான்.

காரணம் இதுதான். வாகனத்தின் சட்டம் முழுவதும் கறுப்பு வயரோடு, அதாவது மைனசோடு, பிணைந்திருக்கிறது. கறுப்பு பூட்டியிருக்கும்போது சிவப்பில் இருக்கிற ஸ்பனர் எந்த இரும்பைத் தொட்டாலும் வட்டம் பூர்த்தியாகிறது. நூற்றுக்கணக்கான அம்பியர் அந்த ஸ்பனர் வழியே ஓடும். கறுப்பைக் கழற்றிவிட்டால் சட்டம் வெறும் இரும்பு. ஆகவே கறுப்பை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் பூட்ட வேண்டும். இதை எத்தனை வீடியோவில் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஆனால் அந்தத் தங்கச்சி அதைத்தானே செய்தார்? அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கைக்கு அடியில் பற்றரி ஒன்றல்ல, இரண்டு. சிவப்பும் சிவப்பும் ஒரு கட்டை வயரால் இணைப்பு. கறுப்பு மட்டும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போய் வான் சட்டத்தில் இறங்குகிறது. இவர்கள் கழற்றியது ஒரு கறுப்பை. மற்றப் பற்றரி உயிரோடு இருந்து, அந்தக் கட்டை வயர் வழியாக இந்தப் பற்றரியின் சிவப்புக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டு நின்றது. கறுப்பு முதலில் என்று சொன்ன நான், கறுப்பு எல்லாம் முதலில் என்று சொல்லவில்லை. கார் பற்றரியை மனதில் வைத்தே கதைத்துப் பழகிவிட்டேன்.

காருக்குக் கரண்ட் வருகிற படலை ஒன்று என்றால், படுத்து உறங்குகிற வானுக்கு நாலைந்து. சோலார் பனல் ஒரு படலை. என்ஜின் ஓடும்போது அதோடு சுற்றிக் கரண்ட் தருகிற ஓல்டனேற்றர் இன்னொன்று. விடுதியில் நிற்பாட்டி 230 வோல்ற் வயரைக் கொழுவினால் சார்ச்சர் மூன்றாவது. எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் ஸ்பனரை எடுக்க வேண்டும். திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். இன்வெர்ட்டர், பிரிட்ஜ் எல்லாம் ஓப் பண்ணுங்கள். பனலைத்தான் அப்படி ஓப் பண்ண முடியாது, வெயில் இருக்கும் வரை அது வேலை செய்யும். தடித்த போர்வை ஒன்றை மேலே போட்டு மூடி, பனல் வயரைக் கொன்ரோலரில் இருந்து, அதாவது பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருக்கிற பெட்டியில் இருந்து, முதலில் கழற்றிவிட்டுப் பிறகு பற்றரிக்கு வாருங்கள். பற்றரி இல்லாமல் பனல் மட்டும் கொழுவியிருந்தால் கொன்ரோலர் எரிந்துபோகலாம். பூட்டும்போது பற்றரி முதலில், பனல் பிறகு.

கழற்றுமுன் போனில் நாலு படம். மோதிரம், மணிக்கூடு, கைச்சங்கிலி கழற்றி வையுங்கள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விடுங்கள், குனிகிறபோது அது தொங்கும். கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். ஈயப் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வரும், காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே வெடிக்கப் பொறி ஒன்று போதும். 100 அம்பியர் மணிப் பற்றரி 25, 30 கிலோ வரும். படுக்கைக்கு அடியில் இருந்து ஒருவர் தனியே இழுத்தால் முதுகு போய்விடும். கணவரையும் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். பழையது புதியதையும் தன்னோடு சேர்த்துக் கீழே இழுக்கும். இரண்டையும் ஒரே வகையில், ஒரே நாளில் வாங்குங்கள்.

லிதியத்துக்கு வருவோம். நல்ல சாமான்தான், எடையும் பாதிக்குக் கிட்டத்தான். ஆனால் ஸ்பனர் விழுந்தால் அதுவும் பொறி கக்கும், அந்தப் பயம் போகாது. சார்ச்சரிலும் சோலார் கொன்ரோலரிலும் லிதியம் செற்றிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓல்டனேற்றரில் நேரே கொழுவினால் லிதியம் அளவுக்கு மிஞ்சிக் கரண்டை இழுத்து ஓல்டனேற்றரைச் சூடாக்கிவிடும், இடையில் கரண்டை அளவாக விடுகிற டிசி டிசி சார்ச்சர் ஒன்று வேண்டும். தை மாசியில் நுவரெலியா போகப் போகிறோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கே சில விடியற்காலையில் புல்லில் பனி உறையும். பூச்சியம் பாகைக்குக் கீழே லிதியத்தைச் சார்ஜ் பண்ணக்கூடாது. படுக்கைக்கு அடியில் அவ்வளவு குளிராது, ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள்.

உண்மையில் நான் எதிர்பார்த்த கேள்வி வேறு. பற்றரி ஏன் செத்தது? ஓய்ந்து நிற்கிற ஈயப் பற்றரி 12.7 வோல்ற் காட்டினால் நிறைவு, 12.1 என்றால் பாதி. பாதிக்குக் கீழே இரவு இரவாக இறக்கினால் எந்தக் கொம்பன் பற்றரியும் நிலைக்காது. 500 ரூபாய்க்குக் குறைவாக விற்ற காலத்தில் நான் வாங்கிய, வோல்ற் அளக்கிற மீற்றர் இன்னும் வேலை செய்கிறது, நீங்களும் ஒன்று வாங்குங்கள்.

இன்னொன்றையும் ஒருவரும் கேட்கவில்லை. பழைய பற்றரி எங்கே போகிறது? எங்கள் அயலில் ஒருவர் அசிட்டை வேலியோரம் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் விற்றார். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கிணறு. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இருக்கிற தண்ணீரைத்தான் எல்லோரும் குடிக்கிறோம், மேலே ஊற்றுவது கீழே இறங்கும். சரிக்காமல், அசிட்டோடு முழுதாக, புதுப் பற்றரி வாங்குகிற கடையிலேயே கொடுங்கள், விலையிலும் கொஞ்சம் கழிப்பார்கள். வானுக்குள் அசிட் சிந்தினால் அப்பச்சோடாவைத் தூவி, நுரை அடங்கியதும் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சோடா கீடா ஒன்றும் வேண்டாம். சுத்தமான தண்ணீரை 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆயத்தமாகுங்கள்.

தங்கச்சி, புதியவை பூட்டியதும் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கூரையில் போர்வை கிடக்கிற படமும் சேர்த்து.