கார்த்திகையைச் சுற்றியுள்ள தூசு: ஓர் இரவு, 93 ப்ரேம்கள்

வணக்கம் நண்பர்களே. என் முகம் சரியாகத் தெரியாது, பரவாயில்லை. இந்தச் சிவப்பு விளக்கைத் தவிர வேறு எதையும் போடப் போவதில்லை. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் வீண். போன முறை இப்படி எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர், ‘இதற்கு ரேடியோவே போதுமே’ என்றார். நியாயம்தான்.

மணி இப்போது ஒன்பது. நிலா இல்லை. தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கொத்துதான் கார்த்திகை. ஊருக்குள் இருந்து பார்த்தால் ஆறு விண்மீன்களை எண்ணுவதற்கே திணற வேண்டும். இங்கே ஒன்பது வரை எண்ணிவிட்டேன். பத்தாவது இருக்கிறதா, இல்லை ஆசையா, தெரியவில்லை.

இன்று நான் எடுக்க வந்தது அந்த விண்மீன்களை அல்ல. அவற்றைச் சுற்றியும், அங்கிருந்து கிழக்கே வெகுதூரம் வரையும் பரவிக் கிடக்கும் தூசை. கார்த்திகையை ஒட்டி நீல நிறத்தில் மின்னும் நெபுலாவை, அதாவது விண்வெளி மேகத்தை, பல படங்களில் பார்த்திருப்பீர்கள். அதிலேயே ஒரு பகுதியை டெம்பல் என்ற வானியலாளர் 1859-இல் தொலைநோக்கி வழியாகக் கண்ணாலேயே கண்டார். இன்னொரு பகுதி, மாயா என்ற விண்மீனைச் சுற்றியிருப்பது, 1885-இல் பாரிஸில் ஹென்ரி சகோதரர்கள் எடுத்த புகைப்படத்தில்தான் முதலில் வெளிப்பட்டது. கண்ணுக்குச் சிக்காததைப் புகைப்படத் தட்டு பிடித்துவிட்டது. நாம் இன்று செய்வதும் அதே வேலைதான், தட்டுக்குப் பதில் சென்சார்.

ஆனால் அந்த நீலம் சுலபம். அதையும் தாண்டி, படத்தின் கறுப்பு என்று நாம் நினைக்கும் இடத்தில் மங்கிய பழுப்பாக ஒரு புகை ஓடுகிறது பாருங்கள், அதுதான் கஷ்டம். அது தானாக ஒளிர்வதில்லை. கார்த்திகை நெபுலாவின் நிறமாலை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த வெளிச்சம், பக்கத்து விண்மீனின் நிறமாலையைப் போலவே இருக்கிறது என்று 1912-இல் ஸ்லைபர் என்ற வானியலாளர் காட்டினார். அதாவது, தூசு விண்மீன் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்த விண்மீன்களுக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டு. பிறந்தபோது சூழ்ந்திருந்த மேகம் எப்போதோ கலைந்துபோயிருக்கும். இப்போது தெரியும் தூசு அவற்றோடு பிறந்தது அல்ல; போகிற வழியில் எதிர்ப்பட்டது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். குதிரைத்தலை நெபுலாவுக்குப் பின்னால் இருக்கும் சிவப்புத் திரையை எடுக்க வேண்டுமா, ஊருக்குள் இருந்தே எடுக்கலாம். அது ஹைட்ரஜன் வாயு. அதன் வெளிச்சத்தில் பெரும்பங்கு 656.3 நானோமீட்டர் என்ற ஒரே கோட்டில் வருகிறது. அந்தக் கோட்டை மட்டும் விட்டு மற்றதை அடைக்கும் பில்டர் ஒன்றை மாட்டினால், தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். தூசுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. விண்மீன் வெளிச்சம் மாதிரியே எல்லா நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பில்டர் போட்டால் தெருவிளக்கோடு தூசும் போய்விடும். நல்ல பில்டர் வாங்கிவிட்டால் ஊருக்குள்ளிருந்தே இதையும் எடுத்துவிடலாம் என்று நம்பி இரண்டு குளிர்காலம் வீணாக்கியவன் சொல்கிறேன். இதற்கு இருட்டைத் தேடித்தான் போக வேண்டும்.

எவ்வளவு இருட்டு? கையில் இருப்பது வானத்தின் வெளிச்சத்தை அளக்கும் சின்ன மீட்டர். இன்று 21.7 காட்டுகிறது. என் வீட்டிலிருந்து அளந்தால் 19.1. இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். இது மேக்னிட்யூட் என்ற வானியல் வெளிச்சக் கணக்கு, எண் ஏற ஏற இருட்டு: ஒரு படி என்றால் 2.512 மடங்கு. 2.6 படி வித்தியாசம் என்றால் வீட்டு வானம் இங்கிருப்பதைவிட 11 மடங்கு வெளிச்சம். இப்படி மங்கலான பொருளுக்குத் தேவைப்படும் நேரமும் அதே விகிதத்தில் ஏறும். இங்கே ஒரு மணி நேரத்தில் கிடைப்பதற்கு வீட்டில் 11 மணி நேரம்.

நேரத்தோடு போனால்கூடச் சமாளிக்கலாம். என் பழைய படங்களில் ஒருமுறை அளந்து பார்த்தேன். இங்கே பின்புல வானம் 100 என்றால், தூசு இருக்கும் இடம் 102 அல்லது 103. அதே தூசை வீட்டிலிருந்து எடுத்தால் 1100-க்குப் பக்கத்தில் 1102. அந்த இரண்டைப் பிரித்தெடுக்க லென்ஸின் ஓர இருட்டு, சென்சாரில் ஒட்டிய அழுக்கு, பக்கத்து விளக்கால் படத்தின் ஒரு பக்கம் கூடித் தெரியும் வெளிச்சச் சாய்வு எல்லாவற்றையும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சரிசெய்ய வேண்டும். எனக்கு அது கைவரவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கேமரா சாதாரணமானது, உள்ளே எதையும் கழற்றவில்லை. ஹைட்ரஜன் சிவப்புக்குத்தான் சென்சார் முன்னால் இருக்கும் கண்ணாடியை மாற்றியாக வேண்டும், தூசுக்கு அவசியமில்லை. லென்ஸ் 135 மில்லிமீட்டர், எஃப் 2.8. தொலைநோக்கி இல்லையா என்று கேட்காதீர்கள். கேமரா பார்க்கும் அகலம் ஏறக்குறைய 10 பாகை, உயரம் ஆறரை. இந்தத் தூசுக்கு அதுவே போதவில்லை. பரந்து கிடக்கும் பொருளுக்கு லென்ஸின் எஃப் எண்தான் முக்கியம், அது குறையக் குறைய வெளிச்சம் கூடும். 5.6-இல் நான்கு மணி நேரம் வாங்குவதை 2.8-இல் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம்.

வானத்தோடு கேமராவையும் திருப்பும் ட்ராக்கர் இல்லாமல் இந்த லென்ஸில் இரண்டு வினாடியிலேயே விண்மீன்கள் கோடாகிவிடும். அதனால் துருவத்தை நோக்கி நேர்செய்வதற்கு இருபது நிமிடம் செலவழித்தேன். அடுத்தது போகஸ். வரிவரியாக வெட்டிய அந்த முகமூடியை லென்ஸ் முன்னால் வைத்து, பளிச்சென்ற விண்மீன் ஒன்றைப் பார்த்தால் மூன்று ஒளிக்கோடுகள் தெரியும். நடுக்கோடு மற்ற இரண்டும் வெட்டும் புள்ளி வழியாகப் போனால் போகஸ் சரி. உடனே போகஸ் வளையத்துக்கு டேப் ஒட்டிவிடுவேன். குளிர ஆரம்பித்தால் லென்ஸ் சுருங்கிப் போகஸ் நகரும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். லென்ஸைச் சுற்றி இந்தச் சூடாக்கும் பட்டை பனி படியாமல் இருக்க. இதை மறந்த இரவுகளைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

ஒரு ப்ரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, 180 வினாடி. ஊருக்குள் 30 வினாடியிலேயே வானத்தின் வெளிச்சம் கேமராவின் சொந்த இரைச்சலை மூழ்கடித்துவிடும். இங்கே வானம் அவ்வளவு கறுப்பு. அதற்குக் கூடுதல் நேரம் தேவை. இருட்டான இடத்துக்கு வந்து ஊர்ப் பழக்கத்தில் குட்டிக் குட்டியாக எடுத்துவிட்டுப் போகாதீர்கள். அப்புறம், இரண்டு ப்ரேமுக்கு ஒருமுறை ட்ராக்கர் சில பிக்ஸல் நகர்ந்துகொள்கிறது. டிதர் என்பார்கள். சென்சாரின் நிலையான புள்ளிகள் ஒரே இடத்தில் குவியாமல் சிதறும், எல்லாப் ப்ரேம்களையும் அடுக்கி ஒரே படமாக்கும்போது, அதாவது ஸ்டாக் செய்யும்போது, விலகிவிடும்.

இப்போது மணி பதினொன்றரை. ஒரு வண்டி வந்து திரும்பிப் போனது, இரண்டு ப்ரேம் போச்சு. செயற்கைக்கோள் கோடு பற்றிக் கவலைப்படாதீர்கள். ஐம்பது அறுபது ப்ரேம் இருந்தால் ஒன்றில் மட்டும் வரும் கோட்டை மென்பொருளே கண்டுபிடித்துத் தள்ளிவிடும். முகப்பு விளக்கு அப்படியல்ல, மொத்தப் ப்ரேமையும் கழுவிவிடும்.

காத்திருக்கும் நேரத்தில் என் அவமானக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல்முறை இதே இடத்தை எடுத்தபோது, மங்கலானதும் தெரியும்படி படத்தின் வெளிச்சத்தை நன்றாக இழுத்துப் பார்த்ததும், கார்த்திகையைச் சுற்றி அழகான பழுப்பு வளையம். எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஒரு வாரம் தரையில் கால் படவில்லை. அடுத்த மாதம் மறுபடி வந்தேன், இந்த முறை கார்த்திகை மூலையில் விழுமாறு வைத்தேன். வளையம் வந்தது. ஆனால் கார்த்திகையைச் சுற்றி அல்ல, படத்தின் நட்டநடுவில். விஷயம் என்னவென்றால், ப்ரேம்களை எஃப் 2.8-இல் எடுத்துவிட்டு, ப்ளாட்டை, அதாவது ஓர இருட்டைச் சரிசெய்ய ஒரே சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படத்தை, எஃப் 4-இல் எடுத்திருக்கிறேன், இரண்டு முறையும்! ஓர இருட்டு இரண்டிலும் வேறு வேறு. ப்ளாட்டால் வகுக்கும்போது மிச்சம் நின்றது வளையமாகிவிட்டது. நான் கண்டுபிடித்த நெபுலா என் லென்ஸுக்குள் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். இரவின் நடுவில் கேமராவை ஒன்றரைப் பாகை வேண்டுமென்றே நகர்த்துவேன். இரண்டு பாதியையும் தனித்தனியே ஸ்டாக் செய்து பக்கத்தில் வைப்பேன். விண்மீன்களோடு சேர்ந்து நகர்வது வானத்துடையது. ப்ரேமோடு ஒட்டிக்கொண்டு நிற்பது என்னுடையது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். இதோ, இப்போதுதான் நகர்த்தினேன், மணி பன்னிரண்டரை.

அந்தப் பக்கம் சிவந்து தெரிவது ரோகிணி. கார்த்திகைக்கும் அதற்கும் நடுவே, கொஞ்சம் வடக்கே தள்ளி, விண்மீன்கள் குறைவாகத் தெரியும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே வானம் காலியாக இல்லை. சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில் தூசு நின்று பின்னால் இருப்பதை மறைக்கிறது. புதிய விண்மீன்கள் பிறக்கும் இடம். பார்னார்ட் என்ற மனிதர் இந்த இருட்டுத் திட்டுகளை ஆண்டுக்கணக்கில் படம் பிடித்து, 1919-இல் 182 திட்டுகள் கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டார். ஆரம்பத்தில் அவருக்கே இவை வானத்தில் விழுந்த ஓட்டைகளா, திரைகளா என்று சந்தேகம் இருந்தது. இதே பகுதியில் லிண்ட்ஸ் 1965-இல் வெளியிட்ட பட்டியலின் 777-ஆம் எண்ணும் உண்டு. கழுகுக் குஞ்சின் தலை போல இருக்கும். கிடைத்தால் இன்றைய என் பரிசு அதுதான்.

மணி மூன்றரை, நிறுத்திவிட்டேன். லேப்டாப்பின் திரைக்குச் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். 104 ப்ரேம் எடுத்ததில் 11-ஐத் தள்ளினேன்: வண்டி இரண்டு, காற்று ஆட்டியது ஆறு, பனி படியத் தொடங்கியது மூன்று. மிச்சம் 93. அதாவது 4 மணி 39 நிமிடம். வீட்டிலிருந்து இதே தரத்துக்கு 51 மணி நேரம் ஆகியிருக்கும், அதுவும் ஏட்டுக் கணக்கில். இதைவிட இரண்டு மடங்கு தெளிவு வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்காக வேண்டும், இன்னும் மூன்று நல்ல இரவுகள்.

அவசரமாகச் சிரில் மென்பொருளில் முதல் பாதியை மட்டும் ஸ்டாக் செய்தேன். ஒரு எச்சரிக்கை. பின்புலச் சாய்வை நீக்கும் வசதியில் 1 முதல் 4 வரை எண் கேட்கும். 4 கொடுத்தால் படம் வழுவழுவென்று அழகாகும், தூசும் சேர்ந்து போயிருக்கும். மென்பொருளுக்குத் தூசு எது, தெருவிளக்குச் சாய்வு எது என்று தெரியாது. எப்போதும் 1 வையுங்கள், மாதிரிப் புள்ளிகளைத் தூசில்லாத இடமாகப் பார்த்து நீங்களே வையுங்கள். அப்படியும் படத்தின் கீழ்ப்பக்கம் இலேசான பச்சை தெரிகிறது, பார்க்கிறீர்களா? அது விளக்கு அல்ல. ஏறக்குறைய 95 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்ஸிஜன் அணுக்கள் விடும் வெளிச்சம். நம் காற்றே மினுங்குகிறது. இருட்டான இடம் என்றாலும் முழுக் கறுப்பு கிடைக்காது.

சரி, இழுத்துவிட்டேன். கார்த்திகை இங்கே, நீலம் இங்கே. இதற்கு இடப்பக்கம் பழுப்பாகப் போகிறது பாருங்கள், மூலை வரை. வளையம் இல்லை, நல்லது. இந்த இடத்தில் ஏதோ மூக்கு மாதிரி வளைந்திருக்கிறது, அது குஞ்சாக இருக்கலாம். இரண்டாவது பாதியோடு ஒப்பிடாமல் சொல்ல மாட்டேன், ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

விடிவதற்குள் ப்ளாட் எடுத்தாக வேண்டும். லென்ஸைக் கழற்றவில்லை, டேப்பைத் தொடவில்லை, எஃப் எண் 2.8. நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், 2.8தானே?